முப்பத்தேழாம் நம்பர்

அரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கல்லூரியில் வரலாறு படிக்க வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மதியழகன் சார் வகுப்பில் முப்பத்தேழாம் நம்பர் கிடைத்தவன் கொடுத்து வைத்தவன். அவன் வந்தாலும் பிரசன்ட், வராவிட்டாலும் பிரசன்ட். சார் முப்பத்தாறு என்று கூப்பிடுவார், செல்போனில் ஒரு தட்டுத் தட்டுவார், அடுத்து முப்பத்தெட்டுக்குப் போய்விடுவார். நடுவில் ஒரு மூச்சு நேரம் தலையைத் தூக்க மாட்டார், அவ்வளவுதான். இந்த வருஷம் அந்த நம்பர் அருள்குமார் என்கிற பையனுக்கு வாய்த்தது. அவன் மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றியும் வருகை நூற்றுக்கு நூறு.

மற்றபடி சார் பொல்லாத கண்டிப்பு. ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் ஒன்பது முப்பத்தொன்றுக்கு வருகிறவன் வராண்டாவில் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் ஏன் இளகுகிறார் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஜோசியக்காரன் சொல்லியிருப்பான் என்றான் ஒருவன். காதலித்த பெண்ணின் ரோல் நம்பர் என்றான் இன்னொருவன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருத்தனும் சிரித்திருக்க மாட்டான். முப்பத்தேழு என்று கூப்பிட்டால் பதில் வந்துவிடும் என்று சாருக்குப் பயம்.

பதில் எப்படி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். "உள்ளேன் ஐயா." கல்லூரிக்கு வந்த பிறகும் அரசுப் பள்ளிப் பழக்கத்தை விடாமல் அப்படிச் சொன்ன ஒரே பெண் பிரியதர்ஷினி. மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அவள் சட்டை செய்ய மாட்டாள். எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு நிதானமாகச் சொல்வாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அரசியலமைப்பு நாள் அது. நவம்பர் இருபத்தாறு. பதினோரு மணிக்கு ஹாலில் உறுதிமொழி, அதற்கு முன்னால் வழக்கம்போல முதல் வகுப்பு. மதியழகன் வருகை எடுத்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்மின் என்கிற பெண் மேஜை அருகில் வந்து நின்றாள். பிரியதர்ஷினியின் பக்கத்து இடத்துக்காரி, பத்தொன்பதாம் நம்பர்.

"சார், முப்பத்தேழுக்கு மட்டும் பிரசன்ட் போட்டுருங்க சார். வந்துருவா."

"வரட்டும், போடறேன்."

"இல்லைங்க சார், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் பிரசங்கம் வரப்போகிறது என்று அர்த்தம். "இன்னும் ஒன்றரை மணி நேரத்துல அரசியலமைப்புச் சட்டத்து மேல உறுதிமொழி எடுக்கப் போறோம். அதுக்கு முன்னாடி என்னைப் பொய்யா ஒரு டிக் போடச் சொல்றியா? உரிமை உரிமைன்னு பேசறோம், கடமைன்னும் ஒண்ணு இருக்கில்ல?" வகுப்பே சிரித்தது. ஜாஸ்மின் ஏதோ சொல்ல வாயெடுத்து, நாற்பது பேர் பார்ப்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவர் ஆப்சென்ட் போட்டார். நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவோடுதான் போட்டார்.

ஆப்சென்ட் போட்டால் ஐந்து நிமிஷத்தில் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். கல்லூரியில் அதை அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். "உங்கள் மகள் இன்று முதல் வகுப்புக்கு வரவில்லை." பிரியதர்ஷினியின் அப்பா கோவிந்தன் அந்த நேரம் அரூர் மஞ்சள் மண்டியில் நின்றார். பேருந்து நிலையம் அங்கிருந்து இரண்டு தெரு. மகள் அங்கே ஜெராக்ஸ் கடை திறக்கக் காத்திருந்தாள். கையில் ஒரு மனு. மாமன் மகனுக்குக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள், எனக்குப் பத்தொன்பது வயது, நான் படிக்க வேண்டும் என்று எழுதி, நகல் எடுத்துக்கொண்டு தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறப் போனவளைக் கோவிந்தன் அங்கேயே பிடித்துவிட்டார்.

இதெல்லாம் மதியழகனுக்கு மறுநாள்தான் தெரிய வந்தது, அதுவும் கோவிந்தன் வாயாலேயே. ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு அவர் துறை அறைக்கு வந்திருந்தார். "உங்க மெசேஜ் மட்டும் வரலைன்னா எம்பொண்ணு கையை வுட்டுப் போயிருக்கும் சார். நீங்க நல்லா இருக்கணும்." பக்கத்தில் நின்ற முதல்வர், பார்த்தீர்களா நம் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று மதியழகனின் தோளைத் தட்டினார். மதியழகன் கொய்யாப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாமல் எறியவும் முடியாமல் மேஜைக்கடியில் வைத்தார். நான்கு நாளில் அறை முழுக்க நாறியது.

பதினைந்தாம் நாள் கல்யாணம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று ஆபீஸ் உதவியாளர் வீரமணி டீ கொண்டுவந்து வைத்தபடி சொன்னார்: "அந்தக் கொய்யாப்பழம் குடுத்தவரு ஊர்ல புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சாம் சார். நம்ம காலேஜ்ல படிச்சதாம்." மதியழகன் பேர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். கேட்காத வரைக்கும் தப்பித்துக்கொள்ளலாம் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. குட்டு வெளிப்படும் என்று பயந்தவன் மூட்டையைத் திறந்து பார்ப்பானா?

அடுத்த நாள் காலை, பெயர் இன்னும் நீக்கப்படாத பட்டியலில், பழக்க தோஷத்தில் முப்பத்தேழு என்று கூப்பிட்டுவிட்டார். வகுப்பு அமைதியானது. ஒரு நொடி கழித்து, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் சுவரோரத்திலிருந்து, நிதானமாக வந்தது. உள்ளேன் ஐயா.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு மட்டும்தான் கேட்டது. கைவிரல் தானாக பிரசன்ட் என்று தட்டியது. அன்று தொடங்கிய வழக்கம் மூன்று தொகுதிப் பிள்ளைகளைத் தாண்டியும் நிற்கிறது. வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷத்து நவம்பர் இருபத்தாறாம் தேதி ஹாலில் எல்லாம் முறைப்படி நடந்தது. பேனர் கட்டியாயிற்று. தேதியும் இடமும் தானாக விழுகிற மாதிரி புகைப்படம் எடுக்கச் சொல்லி இருவரை நிறுத்தியாயிற்று. முகவுரையை மதியழகன் வரி வரியாகச் சொல்ல, முந்நூறு பிள்ளைகள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். "இந்திய மக்களாகிய நாம்" என்று அவர் தொடங்கியபோதே ஒன்றைக் கவனித்தார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் பின்தங்கி வந்தது. ஒரு நொடி பொறுத்து, நிதானமாக.

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். அடுத்த வரி. முந்நூறு பேர் சொல்லி ஓய்ந்த பின் அந்த ஒன்று. நீதி என்ற சொல்லுக்கு வந்தபோது தாங்க முடியாமல் நிமிர்ந்து பார்த்தார். ஹாலின் பின்வாசலில், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, பச்சைச் சேலையில் பிரியதர்ஷினி நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

மதியழகனின் நாக்கு ஒட்டிக்கொண்டது. மைக்கில் மூச்சு மட்டும் இரைந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று முடிவு செய்த முதல்வர் கைதட்ட, ஹாலே கைதட்டியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மீதியை ஓர் இளம் ஆசிரியை படித்து முடித்தார்.

மேடையிலிருந்து அவர் இறங்கியபோது வீரமணி எதிரே வந்தார். "சார், பழைய ஸ்டூடன்ட் ஒண்ணு, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் வாங்க வந்திருக்குது. உங்க கையெழுத்து வேணுமாம்."

"பச்சைச் சேலையா?"

"ஆமாங்க சார்."

"உனக்கும் தெரியுதா வீரமணி?"

வீரமணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னங்க சார், நல்லாத்தானே இருக்கீங்க? இன்னொரு டம்ளர் தண்ணி தரட்டுங்களா?"

துறை அறையில் அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு இருந்தது, செருப்பில் செம்மண் இருந்தது, விரலில் மெட்டி இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மதியழகன் நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்? உடம்புக்கு என்னாச்சுங்க?"

"நீ..." என்றார். "உங்க ஊர்ல ஒரு பொண்ணு இறந்துபோச்சுன்னு அப்ப சொன்னாங்களேம்மா."

"அது எங்க பெரியப்பா மருமக சார். மஞ்சக்காமாலை. அவங்களும் நம்ம காலேஜ்தான், எனக்கு மூணு வருசம் சீனியர்." அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "நான்னு நினைச்சீங்களா சார்?"

மூன்று வருஷமாக அவர் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனதை உடம்பு உணர்ந்தது. சிரிப்பு வந்தது, அடக்கினார். அழுகை வந்தது; அதையும் அடக்கினார். அவள் தானாகப் பேசினாள். ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், அது வேற விஷயம் சார், என்றாள். விட்ட படிப்பைத் தபாலில் முடிக்கப்போகிறாள், அதற்குத்தான் மார்க் ஷீட். மதியழகன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு அவள் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தால், அன்று சாயங்காலம் அவர் கொய்யாப்பழம் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

அவள் போகவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"சார், ஜாஸ்மின் டிகிரி முடிச்சுட்டாளா?"

"எந்த ஜாஸ்மின்?"

"எம்பக்கத்துல உக்காந்திருப்பாளே சார். பத்தொம்பது. என்னைக் காட்டிக் குடுத்தவ." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னிக்கு நான் மனு குடுக்கப் போறது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாகிட்ட யார் சொன்னதுன்னு கேட்டேன், அவர் வாயே திறக்கல. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி பஸ் ஸ்டாண்டுல அவளைப் பாத்தேன் சார். நம்ம காலேஜ் பஸ் நின்னுட்டிருக்கு, எல்லாப் பிள்ளைங்களும் பாக்கறாங்க. செருப்பைக் கழட்டி அடிச்சேன்."

மதியழகன் பேனாவை மூடி வைத்தார்.

"அடிச்சது பரவால்ல சார். அவங்க தெருவைச் சொல்லித் திட்டினேன். உங்க புத்தியே அதான்னு. ரெண்டு வருசம் ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னுட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். அதான் இப்பவும் ராத்திரி தூக்கத்துல வருது. துரோகம் பண்ணினவதான், ஆனா அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

பீரோவில் பழைய வருகைப் பதிவேடுகள் இருந்தன. செல்போனில் தட்டினாலும் நோட்டிலும் எழுதிவைப்பது அவர் கட்டுப்பாடு. மூன்று வருஷத்துக்கு முந்தையதை எடுத்துப் பத்தொன்பதாம் வரிசையில் விரலை வைத்தார். நவம்பர் முழுக்க வந்ததற்கான புள்ளி. டிசம்பர் ஏழாம் தேதியிலிருந்து ஆப்சென்ட். எட்டு, ஒன்பது, பத்து. ஜனவரி முழுக்க ஆப்சென்ட். பிப்ரவரி நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு: பெயர் நீக்கப்பட்டது. எல்லாம் அவர் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் பத்தொன்பது என்று கூப்பிட்டு, பதில் வராமல், அடுத்த நம்பருக்குப் போயிருக்கிறார். ஒரு நாள்கூட அந்த அமைதி அவர் காதில் விழவில்லை. முப்பத்தேழின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று வருஷமாக அவரைப் பிடித்து ஆட்டியது தப்பான பேய்.

"முடிக்கல," என்றார். "அந்த டிசம்பரோட நின்னுடுச்சு."

பிரியதர்ஷினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரும்மா," என்றார். அவள் உட்காரவில்லை. இவர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது தோன்றவில்லை. "ஜாஸ்மின் யார்கிட்டயும் சொல்லலம்மா. நான் உனக்கு ஆப்சென்ட் போட்டேன். அதனால உங்கப்பாவுக்கு மெசேஜ் போச்சு. மறுநாள் அவரே வந்து சொன்னாரு. பிரசன்ட் போடச் சொல்லி ஜாஸ்மின் எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டுச்சு. நான் சட்டம் பேசினேன்."

வராண்டாவில் பிள்ளைகள் கூச்சலோடு கேண்டீனுக்கு ஓடினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் பொறுத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ள மதியழகன் தயாராக இருந்தார். அடித்தால்கூடச் சரிதான்.

"அவ இதைத்தான் சார் சொன்னா," என்றாள் கடைசியில். "அடி வாங்கிட்டே சொன்னா. மதியழகன் சார் ஆப்சென்ட் போட்டுட்டாருடி, அதுல மெசேஜ் போயிருக்கும்டின்னு. சார் மேலயே பழி போடறியான்னு இன்னொரு அடி குடுத்தேன்."

அவர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பத்தொன்பது: அம்மா பெயர் சகாயமேரி, ஒரு செல்போன் எண். ஆப்சென்ட் செய்தி நாள் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கும் எண். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?"

"அம்மா, நான் காலேஜ்லருந்து மதியழகன் பேசறேன். ஜாஸ்மின் இருக்குதுங்களா?"

"சாருங்களா?" குரலில் பதட்டம் வந்தது. "இருக்குதுங்க. ஓசூர் கம்பெனியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு இப்பத்தான் வந்து படுத்துச்சு. எழுப்பறேங்க."

கட்டில் சத்தம், கதவுச் சத்தம். பிறகு தூக்கம் ஒட்டிய குரல்: "சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். இவ்வளவு நேரம் பிரியதர்ஷினியிடம் சொன்னதை மறுபடி முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல்.

"எனக்குத் தெரியுங்க சார்," என்றாள் ஜாஸ்மின். "நீங்க போட்டப்ப நான் முன்னாடிதானே நின்னேன்."

"என்னை மன்னிச்சுரும்மா."

"நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் உங்க ரூமுக்கு வந்தேன் சார். பிரியாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்க. மீட்டிங் இருக்கு, அப்புறம் வான்னுட்டீங்க."

அவருக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு துழாவியும் இல்லை. அந்த நினைவில்லாமைதான் அவரை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

"பிரியா இங்கதான் இருக்கும்மா. எல்லாம் சொல்லிட்டேன். நம்பிட்டா. பேசறியா?"

எதிரே பிரியதர்ஷினி போனுக்காகக் கையை நீட்டினாள்.

"நீங்க சொன்னா நம்புவா சார்," என்றாள் ஜாஸ்மின். கோபமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் சொன்னப்ப நம்பல. போனை அவகிட்ட குடுக்காதீங்க."

வைத்துவிட்டாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, பாவம் இந்தப் பெண்ணும் எவ்வளவைத் தாங்குவாள் என்ற நியாயத்தோடு. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை இன்றைக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"உங்கிட்ட குடுக்க வேண்டாம்னு சொல்லுச்சும்மா," என்றார். "நான் சொன்னா நீ நம்புவியாம். அது சொன்னப்ப நம்பலியாம்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை. வெகுநேரம் துடைத்தாள்.

"அவங்க வூடு எங்க சார்?"

"உனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் ஒண்ணாப் படிச்சீங்களே."

"அவ எங்க வூட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கா. நான் அவங்க தெருவுக்குப் போனதில்ல. எங்க வூட்டுல விட மாட்டாங்க." படிவத்தைப் பிரித்தாள். "நானும் போகணும்னு கேட்டதில்ல."

பதிவேட்டிலிருந்து விலாசத்தைப் படித்தார். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், மாதா கோயிலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டாள். மதியழகன் மேஜை இழுப்பறையைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"இரும்மா, நானும் வரேன். நேர்ல சொல்றேன்."

"வேணாங்க சார்," என்றாள் பிரியதர்ஷினி. "நீங்க வந்தா உங்களுக்காகக் கதவைத் திறந்துருவாங்க. நான் மட்டும் போறேன்."